எரியாத தண்ணீர்

கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் இருந்தன. தொண்ணூறுகளில் அந்தத் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். முன்வாசலில் கோலம், பின்வாசலில் இரும்புத் துருவல். தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு கம்பெனிக்கு நான் புஷ் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பம்பின் தண்டு சுழல்வதற்காக உள்ளே மாட்டும் வளையம் அது. கடைந்து இறக்கும்போது அதில் ஆயிலும் துருவலும் அப்பிக் கிடக்கும். கழுவித் துடைத்துச் சுத்தமாகத்தான் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஒரே ஒரு வளையத்தில் துருவல் ஒட்டியிருந்தாலும் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடைவது என் வேலை. கழுவுவது என் அக்காவின் வேலை.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். ஆனைமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். குழந்தை இல்லை. ஒன்பதாவது வருடம் அவள் வீட்டுக்காரர் இன்னொரு பெண்ணைக் கூட்டிவந்து அதே வீட்டில் வைத்துக்கொண்டார். அக்கா சண்டை எதுவும் போடவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறி எங்களிடம் வந்துவிட்டாள். வந்த அன்று என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு மணி நேரம் தேறாது. கேட்டால் பதில் சொல்வாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். மற்ற நேரத்தில் பின்புறம் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இந்த மாதிரி விஷயங்களை வாய்விட்டுப் பேசும் பழக்கம் கிடையாது. அவள் இருக்கும் பக்கம் போகும்போது நான் இருமிக்கொண்டே போவேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

ஒரு நாள் அவளாகவே கொட்டகைக்குள் வந்தாள். நான் வளையங்களைச் சீமெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தேன்.

"சும்மா குக்கிக்கிட்டுச் சோறு திங்கறது மேலுக்கு ஒத்துக்கறதில்ல தம்பி. இத நாங் கழுவட்டுமா?" என்றாள்.

நான் சரி என்றேன். பழைய ஆயில் டிரம் ஒன்றை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கால் வைத்து, உள்ளே சல்லடைத் தட்டு போட்டு, அவள் உட்கார்ந்து வேலை செய்யும் உயரத்துக்கு ஒரு தொட்டி செய்துகொடுத்தேன். துருவல் சல்லடை வழியாக அடியில் தங்கிவிடும். மேலே இருப்பதைக் கொண்டு மறுபடி மறுபடி கழுவலாம். ஒரு பிரஷ், ஒரு பலகை, பக்கத்தில் காய வைக்க ஒரு சாக்கு. கொட்டகையின் திறந்த பக்கத்தில், சந்துப் பக்கம் பார்த்தாற்போல் அவளுடைய இடம் அமைந்தது.

ரேஷன் சீமெண்ணெய் போதாது. அதுவும் போக, அது சீக்கிரம் காயாது. அதனால் நான் பெட்ரோலை அதில் கலந்து வைத்தேன். தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். என் கூடாத புத்தி அங்கேதான் தொடங்கியது.

வெள்ளிக்கிழமைகளில் மெஷின்களைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, அளவு பார்க்கும் சாமான்கள் வைத்த பெட்டிக்கு. தொட்டி வந்த பிறகு அதற்கும் என் மனைவி ஒரு பொட்டு வைத்தாள். அதுவும் சோறு போடுவதுதானே என்று நானும் பேசாமல் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவள் தட்டோடு தொட்டியின் மேல் குனிந்தாள். தட்டு தொட்டிக்கு ஒரு முழம் மேலே இருக்கும்போதே நெருப்பு கீழே தாவியது. தொட்டி முழுக்க நெருப்பு. அக்கா பலகையில் உட்கார்ந்து கைகூப்பியிருந்தாள். அவள் முந்தானை பற்றிக்கொண்டது. தண்ணீரில் ஊறிக் கிடந்த கோணிச் சாக்கை எடுத்து நான் அவள் மேல் போர்த்தினேன். இன்னொரு சாக்கைத் தொட்டி மேல் வீசினேன். அக்காவுக்கு இடது கையில் மணிக்கட்டுக்கு மேல் வெந்துபோனது. அவள் கத்தவில்லை. "தட்டக் கீழ வெய் கண்ணு, கை நடுங்குது பாரு" என்று என் மனைவியிடம்தான் சொன்னாள்.

செய்தி தெரிந்து மதுக்கரைப் பக்கம் தோட்டத்தில் இருந்த பெரியப்பா பார்க்க வந்தார். எங்கள் அப்பாவுக்கு மூத்தவர். அப்பா போன பிறகு எங்களுக்கு நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்வதுதான். இடது காலை லேசாக இழுத்து நடப்பார். வெந்த கையைப் பார்த்தார், வாழைப்பழச் சீப்பை என் மனைவியிடம் கொடுத்தார், பிறகு கொட்டகைக்கு வந்து அக்கா உட்காரும் பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தீ புடிச்சது கெரகம். அத உடு," என்றார். "நம்மூட்டுப் பொம்பள சந்துல போறவன் வாறவனெல்லாம் பாக்கறாப்பல எண்ணைல கைய உட்டுக்கிட்டு ஒக்காந்துருக்கறா. கூலிக்கு வந்தவளாட்ட. ஏற்கனவே ஊர்ல ஒரு பேச்சுக் கெடக்குது. இன்னொன்னு ஓணுமா?"

நான் தலையைக் குனிந்து நின்றேன். அக்கா வேலையை விட்டுவிடட்டும் என்று அவர் சொல்லியிருந்தால் ஒருவேளை நல்லதாக இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு சுவர் வைத்துவிடு, உள்ளே இருந்து செய்யட்டும் என்றார்.

வைத்தேன். ஹாலோ பிளாக் கல்லில் திறந்த பக்கத்தை அடைத்து, கொட்டகைக்குள்ளேயே பத்துக்கு எட்டு அளவில் ஓர் அறை ஆக்கினேன். லேத் பக்கம் ஒரு கதவு. சந்துப் பக்கம், உள்ளே இருப்பவர் தெரியாத உயரத்தில், இரண்டு கல் அகலத்துக்கு ஓர் இடைவெளி விட்டேன். காற்றுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

சுவர் எழும்பிய அதே வாரத்தில்தான் எரியாத ஒன்றைத் தேடிப் போனேன். பெட்ரோல் வேண்டாம், சீமெண்ணெயும் வேண்டாம், தீப்பிடிக்காத எதுவாக இருந்தாலும் சரி. அந்த நாட்களில் எனக்கு நெருப்புத் தவிர வேறு பயமே இல்லை. டவுன்ஹால் பக்கம் ஒரு கெமிக்கல் கடையில் போய் நின்றேன். நாலு பேர் வாங்கிப் போகும் வரை ஓரமாக நின்று, பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் ஒரு கேனிலிருந்து கொஞ்சம் திரவத்தைத் தகர மூடியில் ஊற்றினார். தண்ணீரைப் போல் தெளிவாக இருந்தது. ஒரு தீக்குச்சியைக் கிழித்து அதன் மேல் போட்டார். குச்சி சுருக்கென்று அணைந்தது.

"பாத்துக்குங்க. தீயவே இது அணைக்குமுங்க," என்றார். "பெரிய பெரிய கம்பெனிலெல்லாம் இதுலதானுங்க கழுவறாங்க. தொடைக்கவும் ஓண்டாம். எடுத்து வெச்சீங்கன்னா தானா காஞ்சுபோகும்."

அதற்கு ஒரு நீளமான பேர் இருந்தது. கடையில் எல்லோரும் 'ட்ரை' என்று சுருக்கிச் சொன்னார்கள். கேனின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் சின்ன எழுத்தில் இங்கிலீஷில் நிறைய எழுதியிருந்தது. பத்தாவது வரை படித்தவன்தான். எழுத்துக்கூட்டினால் படித்துவிடுவேன், அர்த்தம் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்க நாக்கு வரை வந்தது. பின்னால் இருவர் நின்றுகொண்டிருந்தார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு அந்தத் தீக்குச்சி வேலையை நானும் செய்து காட்டினேன். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அணைந்தது. என் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தாற்போல் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தைரியமாகத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒன்றும் ஆகவில்லை. தொண்டையைக் குத்துகிற மாதிரி ஒரு நெடி மட்டும் வந்தது. இருமிக்கொண்டே வெளியே வந்தாள். கற்பூரம் மட்டமான சரக்கு என்று சொல்லி வேறு கடையில் வாங்க ஆரம்பித்தோம்.

வேலை நன்றாக நடந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். முக்கி எடுத்தால் ஆயில் இருந்த இடம் தெரியாது. வளையங்கள் பளபளவென்று வரும். கம்பெனியில் ஒரு சரக்கும் திரும்பவில்லை. அறையில் தித்திப்பான ஒரு வாசனை இருந்தது. அழுகுவதற்கு முன்னால் பழம் ஒரு வாசனை விடுமே, அது போல. அக்காவின் விரல்கள் மட்டும் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்து வெடித்தன. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள்.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள்.

எந்த நாள் என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் ஆகியிருக்கலாம். சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அறையிலிருந்து வந்து அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. கண்கள் மினுங்கின. என் மனைவி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா தானாக ஒரு கதையைத் தொடங்கினாள். எனக்கு ஐந்து வயதில், கிணற்றுமேட்டில் தவளை ஒன்று என் டவுசருக்குள் புகுந்துகொண்டதாம். நான் அதை வெளியே எடுக்கவும் தைரியமில்லாமல், யாரிடமும் சொல்லவும் வெட்கப்பட்டு, தவளையோடு பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தேனாம்.

"வாத்தியாரு கேக்கறாரு, ஏன்டா இப்படி அகட்டி நிக்கறேன்னு. இவன் என்ன சொன்னான் தெரியுமா? ஒண்ணுமில்லீங்க சார்ங்கறான். உள்ளிருந்து தவள கத்துது," என்றாள்.

அவரைக்காய் முறம் கவிழும் அளவுக்கு என் மனைவி சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று நான் லேத்தை நிறுத்திவிட்டு நின்றேன்.

அதன் பிறகு தினமும் நாலு மணி எங்கள் வீட்டில் ஒரு நல்ல நேரம் ஆனது. அக்கா பெரியப்பாவைப் போல் நடந்து காட்டுவாள். இடது காலை இழுத்து, தோளில் இல்லாத துண்டை உதறிப் போட்டு, "நம்மூட்டுப் பொம்பள" என்று தொண்டையைச் செருமுவாள். அசல் அவரேதான். என் மனைவி அவளை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கம் கணவனின் அக்காளை அப்படித்தான் அழைப்பது. "நங்கையாளுக்கு இன்னிக்கும் வாய்க்குப் பூட்டில்லீங்க" என்று என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போவாள்.

இரவு சாப்பாட்டில் அக்காவின் வாயோரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கும். அவளுக்கு அது தெரியாது. "ராத்திரிக்குப் பசிச்சா ஆகுமுன்னு சேத்தி வெக்கறீங்களாக்கு" என்று என் மனைவி கேலி செய்வாள். அக்கா துடைத்துக்கொண்டு தானும் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. அன்று மட்டும் அவளுக்குத் தலைவலி. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள், பக்கத்தில் போனால் எரிந்து விழுவாள். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். வேலை இல்லாமல் இவளால் இருக்க முடியாது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். இந்த வேலையை இரண்டு வருடம் முன்பே கொடுத்திருக்கலாமே என்று ஒரு நாள் என் மனைவி என்னைக் கோபித்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் நல்லது ஒன்று செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை கூட இருந்தது.

ஐப்பசி வந்தது. சாரல் அடித்து அந்தச் சின்ன இடைவெளி வழியாக அறைக்குள் தண்ணீர் வந்தது. அக்கா அதில் கோணிச் சாக்கைச் சுருட்டி அடைத்துவிட்டாள். காய வைத்த வளையம் நனைந்து துருப்பிடிக்கிறது என்றாள். நான் பார்த்தேன். சரிதான் என்று நினைத்தேன்.

கம்பெனியிலிருந்து சரக்கைச் சரிபார்த்து எடுத்துப் போக ஒருவர் வருவார். இன்ஸ்பெக்ஷன்காரர் என்போம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வழக்கமாக வாசலில் வைத்தே சரக்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அன்று மழை, கொட்டகைக்குள் வந்து நின்றார். மூக்கைச் சுளித்தார். எதில் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். எரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"எங்கீங்க வெச்சுருக்கீங்க?"

மூடிய கதவைக் காட்டினேன்.

"உள்ள ஆரு இருக்கறாங்க?"

அக்கா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கதவைத் தள்ளினார். தள்ளியவர் அப்படியே இரண்டு எட்டுப் பின்னால் வந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

அக்கா பலகையில் உட்கார்ந்தபடியே தொட்டி விளிம்பில் கன்னத்தைச் சாய்த்திருந்தாள். இரண்டு கைகளும் முழங்கை வரை உள்ளே கிடந்தன. முகம் கரைந்துபோன மாதிரி இருந்தது. லேசாகச் சிரித்துக்கொண்டு தூங்குகிறவளைப் போல. இன்னும் நாலு விரல் சாய்ந்திருந்தால் மூக்கு திரவத்தில் இறங்கியிருக்கும்.

இருவரும் தூக்கி வந்து மழை படாத இடமாகத் தாழ்வாரத்தில் கிடத்தினோம். என் மனைவி விசிறினாள். இன்ஸ்பெக்ஷன்காரர் அவள் கைகளில் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அக்கா கண்ணைத் திறந்தாள். முதலில் கூரையைப் பார்த்தாள், பிறகு என்னை.

"எதுக்குத் தம்பி எழுப்புன?" என்றாள்.

வாடகைக் காருக்கு ஆள் போயிருந்தது. அது வரும் வரை இன்ஸ்பெக்ஷன்காரர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுப் பேசினார். கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர்கள் கம்பெனியில் அந்தத் திரவத்துக்கு மூடி போட்ட தொட்டி உண்டாம். சுற்றிலும் குழாய் வைத்து ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுவார்களாம். அது காற்றைவிடக் கனமானதாம், தரையோடு தங்கும், கீழே உட்கார்ந்து வேலை செய்பவர் முகத்தில்தான் நிற்குமாம். வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுவதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. நெருப்புப் பட்டால் அந்த ஆவி வேறொரு விஷமாகிவிடும் என்றார். கற்பூரக் கடைக்காரர் பேரில் குற்றமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"எரியாதுங்கறது மெய்தானுங்க. அது ஒண்ணுதானுங்க அதுக்கு நல்ல கொணம்," என்றார். "எங்ககிட்ட ஒருத்தரு இருந்தாரு. அமைதியான மனுசன். அந்தத் தொட்டிக்கு மாத்துன பொறவு ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. சாராயம் குடிச்சவராட்ட. நாங்க என்னமோ ஏதோன்னு நெனச்சோம். வேலயில்லாத நாளு தலவலின்னு சுருண்டுக்குவாரு. அப்பறந்தான் தெரிஞ்சுது, அது அவரு சிரிச்சதில்லீங்க."

என் மனைவி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாட்கள் இருந்தோம். ஈரல் கெட்டிருக்கிறது, நல்லவேளை முற்றவில்லை, இனி அந்தத் திரவத்தின் பக்கமே போகக் கூடாது என்றார்கள். டாக்டர் ஒரு துண்டுப் பஞ்சால் அக்காவின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு அவள் தெரியவில்லை, தெரியவில்லை என்றாள். வாயைச் சுற்றியும் வலது கன்னத்திலும் உணர்ச்சி போயிருந்தது. சோற்றுப் பருக்கை எனக்கு ஞாபகம் வந்தது. அதை வைத்து எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சம்மட்டியை எடுத்து அந்தச் சுவரை இடித்தேன். பிறகு எதில் கழுவுவது என்று மறுபடி யோசித்தேன். இந்தத் தடவை கேட்டுக் கேட்டு யோசித்தேன். இன்ஸ்பெக்ஷன்காரர் வரும்போதெல்லாம் வெட்கத்தை விட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். தீப்பிடிக்குமா என்பதோடு நிற்காமல், ஆவி எங்கே போகும், கையை என்ன செய்யும், பழசானதை எங்கே ஊற்றுவது என்று கேட்டேன். கடைசியில் வந்து நின்றது சலவைச் சோடா கலந்த வெந்நீர். வேறு எதுவுமில்லை. எண்ணெய்ச் சட்டி கழுவ என் மனைவி காலமெல்லாம் பயன்படுத்துவது. அதில் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் காய வைத்து, துருப்பிடிக்காமல் லேசாக ஆயிலில் தொட்டு எடுக்க வேண்டும். விடாப்பிடியான அழுக்குக்கு மட்டும் கொஞ்சம் சீமெண்ணெய், பெட்ரோல் கலக்காமல். அது மூடி போட்ட தனித் தொட்டியில், இடுப்பு உயரத்தில், வெட்டவெளியில். கற்பூரத் தட்டு கொட்டகை வாசலைத் தாண்டி வரக் கூடாது என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். வேலை இரண்டு மடங்கு ஆனது. பளபளப்பும் பழைய அளவுக்கு இல்லை.

அந்த வேலையை நானே செய்துகொள்ளலாம் என்றிருந்தேன். அக்கா விடவில்லை. பழையபடி சந்துப் பக்கம் பார்த்தாற்போல் வந்து நின்று கழுவினாள். ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டாள்.

இடித்த சுவரைப் பெரியப்பா வந்து பார்த்தார். உடைந்த கல் குவிந்து கிடந்ததைக் காலால் தள்ளினார். போற வாறவன் பார்வை மறுபடி விழுகிறதே என்று ஆரம்பித்தார். அவரை எதிர்த்து அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. "பாத்தாப் பாத்துட்டுப் போறானுங்க பெரியப்பா" என்றேன். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், அவள் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார், காப்பி குடிக்காமல் கிளம்பிப் போனார்.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே நாளில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் ஒன்றிரண்டு சொன்னாள். பிறகு கேட்டால் பதில் என்ற பழைய கணக்குக்கு வந்துவிட்டாள். நாலு மணிக்கு என் மனைவி வேண்டுமென்றே வாசற்படியில் முறத்தோடு போய் உட்காருவாள். அக்கா அவளைத் தாண்டி உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள்.

மீதி இருந்த திரவம் அரைக் கேன் கொட்டகை மூலையில் கிடந்தது. அதை எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. மண்ணில் ஊற்றினால் கிணற்றுக்கு இறங்கிவிடும் என்று இன்ஸ்பெக்ஷன்காரர் சொல்லியிருந்தார். கம்பெனிக்கே எடுத்துப்போய்ச் சேர்த்துவிடுவதாகவும், அதற்கு ஒரு வண்டியோடு வருவதாகவும் சொன்னார். அதுவரை அதை மூடி இறுக்கி, மேலே சாக்கைப் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் பார்த்தபோது சாக்கு வேறு மாதிரி மடிந்திருந்தது. அன்றைக்கே அதை எடுத்துப்போய் லேத் மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன்.

மத்தியானம் அக்கா வந்தாள். கையுறையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"அந்தத் தண்ணி இனி வாங்கறதே இல்லியா தம்பி?"

அது உடம்பைக் கெடுத்துவிட்டது அக்கா, டாக்டர் சொன்னதைக் கேட்டாயல்லவா என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னேன்.

"தெரியுஞ் சாமி. எனக்குத் தெரியாதா," என்றாள். "நீ வாங்கியாந்த ரெண்டாம் மாசமே தெரியும். காத்தால கதவச் சாத்திட்டு ஒக்காந்தா, பத்து மணிக்கெல்லாம் ஆனமலையே மறந்துபோகும். அந்த ஊடு, அந்தப் பொம்பள, ஒண்ணுமே நெனப்பு வராது. சாக்கக்கூட சாரலுக்குன்னா அடச்சேன்?"

லேத் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக் கூடத் தோன்றவில்லை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டிக்குப் போய்விட்டாள்.

நாலைந்து நாள் கழித்து வண்டி வந்து கேனை எடுத்துப் போனது. கயிறு போட்டுக் கட்டும் வரை அக்கா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி சந்து திரும்பிய பிறகு வெந்நீர் ஆறிவிட்டது என்று அடுப்புப் பக்கம் போனாள்.

சரியான தண்ணீரைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவள் ஈரல் தேறியது, விரல் வெடிப்பு ஆறியது. கன்னம் மட்டும் கடைசி வரை மரத்தே இருந்தது. சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் முந்தானையால் வாயோரத்தைத் துடைத்துக்கொள்வாள். எதுவும் ஒட்டியிருக்காது. இருந்தாலும் துடைப்பாள். ஆனாலும் சில நாள், நாலு மணிக்கு லேத்தை நிறுத்தினால், எனக்குக் காது அந்தச் சிரிப்புக்காகக் காத்திருக்கும். அப்படிக் காத்திருந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியும் காத்திருந்தாளா என்று கேட்கவும் இல்லை.

ஒரு சாயங்காலம், தை மாதமாக இருக்கலாம், அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அன்று ஏனோ உள்ளே போய்ப் படுக்கவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, அடுக்களைக்கும் கொட்டகைக்கும் நடுவில் போய் நின்று, காலை இழுத்து இழுத்து நாலு எட்டு நடந்தேன். தோளில் துண்டு இருப்பது போல் உதறிப் போட்டேன். தொண்டையைச் செருமி, "நம்மூட்டுப் பொம்பள" என்று சொல்லியும் பார்த்தேன். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் விலகிக்கொண்டாள்.

அக்கா கடைசி வரை பார்த்தாள்.

"அவரு எடது கால இழுப்பாரு," என்றாள். "நீ வலது கால இழுக்கற."

பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வளையங்களை எடுத்து வைக்க எழுந்து போனாள்.